நிலவில் மனிதன் நடந்தது நாடகமா?

ரமலான் பிறை பார்க்கும் ஒரு மாலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். மேற்கு வானில் மேகத் திட்டுகள். பள்ளிவாசல் முன்றிலில் ஊரே கூடி நிற்கிறது. அவ்வேளையில் ஒருவர் விரைந்து வந்து, "நான் பிறையைக் கண்டேன்" என்கிறார். சிறுவர்கள் ஆரவாரிக்கின்றனர். ஆனால், பெரியவர்கள் உடனே தலையசைத்து விடுவதில்லை. "எங்கிருந்து பார்த்தீர்? எந்நேரம்? சூரியன் மறைந்த இடத்துக்கு வலமா, இடமா? கொம்புகள் எப்பக்கம் நோக்கியிருந்தன? உம்முடன் பார்த்தவர் யார்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கின்றனர். அவரைப் பொய்யர் என்று எண்ணிக் கேட்கும் கேள்விகள் அல்ல இவை. ஓர் ஊரின் நோன்பும் பெருநாளும் அந்தச் சாட்சியத்தின் மேல் நிற்பதால், அதனை எடைபோட்டுப் பார்க்கும் கடமை அவர்களுக்கு உண்டு.

அதே நிலவைப் பற்றி இன்னொரு சாட்சியமும் உலகின் முன் இருக்கிறது. "நாங்கள் அங்கே சென்றோம், அதன் மண்ணில் நடந்தோம்" என்பது அது. சொன்னவர்கள் பன்னிரண்டு பேர். அதனை நம்புகிறவர்களும் உளர். "அத்தனையும் பாலைவனத்தில் எடுத்த திரைப்படம்" என்று மறுப்பவர்களும் உளர். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, "மனிதன் நிலவுக்குப் போனது உண்மைதானா?" என்று கேட்கும்போது நாம் என்ன விடை சொல்கிறோம்? பிறை கண்டவரிடம் கேட்பது போல் இந்த இரு சாராரிடமும் கேள்வி கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த எட்டு நாட்கள்

1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கி, பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவோம் என்று அமெரிக்க அதிபர் கென்னடி தம் நாட்டு மன்றத்தில் அறிவித்தார். அப்போது சோவியத் ஒன்றியமே விண்வெளியில் முந்தி நின்றது. அறிவிப்புக்கும் வெற்றிக்கும் இடையே எட்டு ஆண்டுகள் உருண்டன. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அப்பணியில் உழைத்தனர். 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் நடந்த சோதனையின்போது தீப்பற்றி கிரிஸம், வைட், சாஃபி என்னும் மூன்று வீரர்கள் உயிரிழந்தனர்.

1969 ஜூலை 16 அன்று அப்போலோ 11 புறப்பட்டது. நீல் ஆம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின், மைக்கேல் காலின்ஸ் ஆகிய மூவர் அதில் சென்றனர். இந்திய நேரப்படி ஜூலை 21 காலை 8.26 மணியளவில் ஆம்ஸ்ட்ராங் நிலவின் மண்ணில் கால் வைத்தார். அவரும் ஆல்ட்ரினும் இரண்டரை மணி நேரம் அங்கே நடமாடி, 21 கிலோவுக்கும் மேற்பட்ட கல்லும் மண்ணும் திரட்டிக்கொண்டு 24ஆம் நாள் கடலில் வந்திறங்கினர். அதன் பின் 1972 டிசம்பர் முடிய மேலும் ஐந்து பயணங்கள் வெற்றி பெற்றன. அப்போலோ 13 மட்டும் வழியில் பழுதுற்று, நிலவில் இறங்காமலே திரும்பியது. ஆக மொத்தம் பன்னிரண்டு பேர் நடந்தனர். 382 கிலோ மாதிரிகள் பூமிக்கு வந்தன.

ஐயம் பிறந்த கதை

மறுப்பாளர்களின் வாதம் எங்கிருந்து பிறந்தது? பயணம் நடந்த நாளிலேயே நம்ப மறுத்தவர்கள் அமெரிக்காவில் இருந்தனர். எனினும், அந்த முணுமுணுப்புக்கு ஒரு நூல் வடிவம் கொடுத்தவர் பில் கேசிங் என்பவர். 'நாம் நிலவுக்குச் செல்லவே இல்லை' என்னும் பொருள்படும் தலைப்பில் 1976இல் தம் சொந்தச் செலவில் அவர் நூலொன்று வெளியிட்டார். நிலவு ராக்கெட்டின் எந்திரங்களைச் செய்த ராக்கெட்டைன் நிறுவனத்தில் அவர் பணியாற்றியவர் என்பது உண்மையே.  தொழில்நுட்ப ஆவணங்களை எழுதும் பிரிவில் இருந்தார். அவர் வேலையை விட்டு விலகியது 1963இல். நிலவுக்குச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட் முதன்முதலாகப் பறந்ததோ 1967 நவம்பரில். பிறை தோன்றுமுன்பே முன்றிலை விட்டுச் சென்றவர், "அன்று பிறையே இல்லை" என்று சாட்சி சொல்வது போன்றது இது.

நிலவில் இறங்கித் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு 0.0017 மட்டுமே என்று 1950களின் இறுதியில் போடப்பட்ட ஒரு கணக்கை அவர் எடுத்துக்காட்டினார். அது அந்த ராக்கெட் பிறப்பதற்கு முன் போட்ட கணக்கு. எட்டாண்டு உழைப்பும் பெரும் பொருட்செலவும் அதன் பின்னரே வந்தன.

இத்தகைய நூலுக்கு வாசகர்கள் எப்படிக் கிடைத்தனர்? அந்தக் காலத்தை நோக்கினால் விடை கிடைக்கும். வியட்நாம் போர் குறித்து அமெரிக்க அரசு தம் மக்களிடம் மறைத்தவற்றை 1971இல் வெளிவந்த பென்டகன் ஆவணங்கள் அம்பலப்படுத்தின. கறுப்பின நோயாளிகளுக்கு உரிய சிகிச்சை அளிக்காமலே பல்லாண்டுகள் அவர்களை ஆய்வுப் பொருளாக வைத்திருந்த டஸ்கீகி கொடுமை 1972இல் வெளிச்சத்துக்கு வந்தது. வாட்டர்கேட் ஊழலால் 1974இல் அதிபர் நிக்ஸன் பதவி துறந்தார். நிலவிலிருந்த வீரர்களோடு தொலைபேசியில் உரையாடியவரும் அதே நிக்ஸன்தான்! "இவ்வளவு பொய் சொன்னவர்கள் இதையும் சொல்லியிருக்க மாட்டார்களா?" என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. ஆனால், ஒருவர் பத்துப் பொய் சொன்னார் என்பது, அவர் சொன்ன பதினோராவதும் பொய்யே என்பதற்குச் சான்றாகாது. அதனைத் தனியே விசாரிக்க வேண்டும் என்பதற்கு மட்டுமே காரணமாகும்.

திரைப்படங்களும் தம் பங்கைச் செய்தன. 1978இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'காப்ரிகார்ன் ஒன்' என்னும் படம், செவ்வாய்ப் பயணத்தை அரசு போலியாகப் படம்பிடிப்பதாகக் கதை சொன்னது. கதை என்று அறிந்தே பார்த்தவர்களின் மனத்திலும் அந்தக் காட்சி தங்கிவிட்டது. 2001 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று இந்த ஐயங்களைத் தொகுத்து ஒரு மணி நேர நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. அது உலகெங்கும் பரவியது. 2002இல் பிரான்சில் வில்லியம் காரெல் என்பவர் ஓர் அங்கதப் படம் எடுத்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் நிலவுக் காட்சிகளைப் படமாக்கித் தந்தார் என்று கேலியாகப் புனைந்து, இறுதியில் அது வேடிக்கை என்பதையும் காட்டிவிட்டார். அந்த இறுதிப் பகுதியை வெட்டிவிட்டு, எஞ்சியதை மெய்யான வாக்குமூலம் போல் பரப்பியவர்கள் பலர்.

இருப்பினும், இவர்கள் பெருந்தொகையினர் அல்லர். 1999இல் கேலப் நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்பில், நிலவுப் பயணம் நாடகம் என்று கூறியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். உண்மை என்றவர்கள் 89 பேர்.

படங்களின் மேல் எழுந்த கேள்விகள்

தலைகளை எண்ணி உண்மையை முடிவு செய்ய இயலாது. ஆகவே, அவர்கள் எழுப்பும் கேள்விகளை நேர்மையோடு பார்ப்போம்.

"காற்றில்லாத நிலவில் கொடி எப்படி அசைந்தது?" இதுவே பலரும் கேட்கும் முதற்கேள்வி. காற்றில்லை என்பதை அறிந்தே கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி ஒன்று வைத்துத் தைத்திருந்தனர். அப்போலோ 11இல் அக்கம்பி முழுமையாக நீளாததால் துணி சுருங்கி, அலையடிப்பது போல் தோன்றியது. கம்பத்தைத் திருகி ஊன்றும்போது கொடி ஆடியது. தடுக்கும் காற்று அங்கில்லாமையால் அந்த ஆட்டம் அடங்க நேரமாயிற்று. கைபடாதபோது அது அசையாமல் நின்றதையும் அதே படச்சுருள்கள் காட்டுகின்றன.

"கரிய வானில் ஒரு விண்மீன்கூட இல்லையே?" வெயிலில் ஒளிரும் தரையையும் வெண்ணிற உடையையும் படமெடுக்கக் கேமராவின் கண் நொடியின் சிறு பகுதியே திறந்து மூடும். அந்த நேரத்திற்குள் விண்மீனின் மங்கலான ஒளி படச்சுருளில் பதியாது. கல்யாண வீட்டின் மின்விளக்கு அலங்காரத்தை இரவில் படமெடுத்தவர்கள் இதை அறிவர். அப்படத்தில் வானத்து மீன்களைத் தேடினால் கிடைக்கா. அப்போலோ 16 வீரர்கள் புற ஊதாக் கதிர்களைப் பதியும் தனிக் கேமரா ஒன்றைக் கொண்டு சென்றபோது, நிலவிலிருந்தே விண்மீன்களைப் படமெடுத்து வந்தனர்.

"நிழல்கள் ஒரே திசையில் விழவில்லையே? அப்படியானால் பல விளக்குகள் இருந்தனவா?" பல விளக்குகள் இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் பல நிழல்கள் விழ வேண்டும். அப்படங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழலே உண்டு. மேடுபள்ளமான தரையில் விழும் நிழல் வளையும். தொலைவில் நீளும் இணைகோடுகள் இருப்புப்பாதை போல் ஒன்றை ஒன்று நெருங்குவதாகத் தோன்றும். இது கண்ணறிந்த உண்மை.

"கலம் இறங்கிய இடத்தில் பள்ளம் ஏன் இல்லை?" தரையை நெருங்கும்போது எந்திரத்தின் விசை வெகுவாகக் குறைக்கப்பட்டது. அகன்ற வாய் வழியே வெளியேறிய வளிமம் தரையைத் தாக்கிய அழுத்தம் ஒரு சதுர அங்குலத்திற்கு ஓரிரு பவுண்டுகளே. மேலிருந்த தூசு பறந்தது. அடியிலிருந்த இறுகிய தரை நிலைத்தது.

"பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களைக் கடந்தவர் உயிர்பிழைப்பாரா?" நாட்கணக்கில் அங்கே தங்கினால் ஆபத்தே. அப்போலோ கலங்கள் அவற்றின் அடர்ந்த பகுதியைத் தவிர்த்த பாதையில், சில மணி நேரத்தில் கடந்து சென்றன. வீரர்கள் அணிந்திருந்த அளவிகள் பதிந்த கதிர்வீச்சு, நோயுண்டாக்கும் அளவினும் மிகக் குறைவு.

இந்த இடத்தில் மறுப்பாளர் பக்கம் உள்ள ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. அப்போலோ 11இன் தொலைக்காட்சிக் குறிப்பலைகள் நேரடியாகப் பதிவான மூல நாடாக்கள் காணாமற்போயின. அவை துடைக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசா நிறுவனமே ஒப்புக்கொண்டது. இது வெட்கத்துக்குரிய கவனக்குறைவு. எனினும், அன்று உலகெங்கும் ஒளிபரப்பான காட்சிகளின் பதிவுகள் பல இடங்களில் பாதுகாப்பாக உள்ளன. அதன்பின் நடந்த ஐந்து பயணங்களின் பதிவுகளும் உள்ளன. மூலப்பத்திரம் தொலைந்தால் வீடு இடிந்துவிடுவதில்லை.

"உம்முடன் பார்த்தவர் யார்?"

பிறைச் சாட்சியத்தில் இறுதியாகக் கேட்கும் கேள்வி இது. நிலவுப் பயணத்துக்கு அமெரிக்காவைத் தவிர வேறு சாட்சி உண்டா?

முதற்சாட்சி, எதிரி. 1969 ஜூலை 3 அன்று சோவியத் ஒன்றியத்தின் நிலவு ராக்கெட் ஏவுதளத்திலேயே வெடித்துச் சிதறியது. அம்மாதமே அவர்கள் அனுப்பிய ஆளில்லாக் கலமான லூனா 15, ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இருந்த வேளையிலேயே அங்கு மோதி அழிந்தது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் வானொலித் தொலைநோக்கி இவ்விரு நாடுகளின் கலங்களிலிருந்து வந்த அலைகளையும் பின்தொடர்ந்து பதிவு செய்தது. குறிப்பலைகள் நிலவிலிருந்து வராமல் வேறெங்கிருந்தோ வந்திருந்தால், தோல்வியால் மனம் வெந்திருந்த மாஸ்கோ அதை உலகறியப் பறைசாற்றியிருக்கும். அவர்களோ மறுக்கவில்லை. 1971இல் இரு நாடுகளும் தாம் கொணர்ந்த நிலவு மண்ணைச் சிறிதளவு பரிமாறிக்கொண்டு ஆராய்ந்தன.

இரண்டாம் சாட்சி, வீரர்கள் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்கள். அப்போலோ 11, 14, 15 பயணங்களில் வைக்கப்பட்ட இவற்றின் மீது பூமியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஏறத்தாழ இரண்டரை நொடியில் அது திரும்பி வருகிறது. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் நம்மை விட்டு விலகிச் செல்கிறது என்பதை இவ்வாறே அளந்தறிந்தனர். ஆயினும், சோவியத் நாடும் ஆளில்லா ஊர்திகள் மூலம் இத்தகைய எதிரொளிப்பான்களை நிலவில் வைத்துள்ளது. எனவே, மனிதர் சென்றனர் என்பதற்கு இது தனித்து நின்று முழுச் சான்றாகாது. பிற சான்றுகளோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

மூன்றாம் சாட்சி, கற்கள். ஆளில்லாக் கலங்களால் சோவியத் ஒன்றியம் மூன்று முறை கொண்டுவந்த மண் மொத்தம் அரைக் கிலோவுக்கும் குறைவு. அப்போலோ கொணர்ந்ததோ 382 கிலோ. அதில் ஒரு கல் மட்டும் 11.7 கிலோ எடையுள்ளது. அக்காலத்து எந்திரக் கை எதுவும் தேர்ந்தெடுத்துத் தூக்கி வந்திருக்க இயலாத சுமை அது. நீர் மிக மிகக் குறைந்த கனிமங்கள், காற்றில்லாத வெளியில் நுண்ணிய விண்துகள்கள் மோதியதால் உண்டான ஊசிமுனைக் குழிகள், நானூறு கோடி ஆண்டுகளைத் தாண்டிய வயது ஆகியவற்றைப் பல நாட்டு ஆய்வாளர்கள் அவற்றில் கண்டறிந்தனர்.

நாமக்கல் மாவட்டத்துக் கல் சொல்வது

கற்களின் சாட்சியம் நம் தமிழ்நாட்டின் வாசல் வரை வந்திருக்கிறது. சந்திரயான் கலங்கள் நிலவில் இறங்கி ஊர்வதைப் பெங்களூருவில் ஒத்திகை பார்க்க, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. அதற்கான பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைத்தது. அனார்த்தோசைட் எனப்படும் அப்பாறையைப் பொடித்தே செயற்கை நிலவு மண் உருவாக்கப்பட்டது. நிலவின் மேட்டுநிலம் அவ்வகைப் பாறையால் ஆனது என்பதை உலகம் எவ்வாறு அறிந்தது? அப்போலோ வீரர்கள் கொணர்ந்த மாதிரிகளால்தான்.

அப்போலோ 11 மண்ணில் கிடந்த சிறு வெண் துணுக்குகளைக் கண்டே, நிலவு தன் தொடக்கத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்னும் கொள்கையை 1970இல் ஆய்வாளர்கள் முன்வைத்தனர். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3, 2023 ஆகஸ்ட் 23 அன்று, எந்த அப்போலோ கலமும் சென்றிராத தென்துருவத்தை அடுத்த நிலப்பரப்பில் இறங்கியது. அதன் ஊர்தி மண்ணைச் சோதித்துச் சொன்ன செய்தி, அந்தக் கொள்கைக்கு வலுச்சேர்ப்பதாக 2024இல் ஆய்வேடாக வெளிவந்தது. 1969இல் ஒரு கூடத்தில் அமர்ந்து போலி மண் தயாரித்தவர்கள், அரை நூற்றாண்டுக்குப் பின் இந்தியக் கருவி என்ன கண்டுபிடிக்கும் என்பதையும் முன்கூட்டி அறிந்து கலந்துவைத்தனர் என்று நம்ப இயலுமா?

நான்காம் சாட்சி, கண். 2009 முதல் அமெரிக்காவின் நிலவுச் சுற்றுக்கலம் ஆறு இடங்களையும் படமெடுத்து வந்துள்ளது. வீரர்கள் நடந்த தடங்களும் அவற்றில் தெரிகின்றன. "அதுவும் அவர்களுடையதே" என்பீர்களாயின், நம் சந்திரயான் 2 சுற்றுக்கலத்தின் கேமராவும் அப்போலோ 11 விட்டுவந்த கீழ்ப்பகுதியை 2021இல் பதிவு செய்திருக்கிறது.

நாமும் பரப்பிய ஒரு கதை

இதுவரை பிறர் கதையைப் பேசினோம். இனி நம் கதைக்கு வருவோம்.

"நிலவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங் இனம்புரியாத ஓசை ஒன்றைக் கேட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் கெய்ரோ நகரில் பாங்கொலி கேட்டு, 'நான் அங்கே கேட்டது இதுவே' என்று கண்ணீர் மல்கி இஸ்லாத்தைத் தழுவினார். அதனால் வேலை பறிபோய், லெபனானுக்குக் குடிபெயர்ந்தார்." இக்கதையை அறியாத முஸ்லிம் இல்லம் உண்டா? மீலாது மேடைகளில் இதனைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்களில் இக்கட்டுரையாளரும் ஒருவன்.

உண்மை என்ன? இச்செய்தி எகிப்து, மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளில் பரவியதைத் தொடர்ந்து, 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை முஸ்லிம் நாடுகளிலிருந்த தன் தூதரகங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. எந்தச் சமயத்தாரையும் புண்படுத்தும் எண்ணம் ஆம்ஸ்ட்ராங்குக்கு இல்லை. ஆனால், அவர் இஸ்லாத்தைத் தழுவினார் என்னும் செய்தி சரியன்று என்பதே அதன் சாரம். 2005இல் மலேசியாவுக்கு வந்தபோதும் அவர் தம் வாயால் இதனை மறுத்தார். 2012இல் மறையும் வரை அவர் அந்த நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. அவரை யாரும் வேலையை விட்டு விரட்டவும் இல்லை. தாமாகவே நாசாவிலிருந்து விலகி, 1971 முதல் 1979 வரை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். லெபனான் கதையோ வேடிக்கையானது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லெபனான் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரை அடுத்த பண்ணையில்தான் அவர் வாழ்ந்தார்!

"காற்றில்லாத இடத்திலும் இறைவன் நாடினால் ஓசை கேட்காதா?" என்று சிலர் வினவலாம். இறைவனின் ஆற்றலைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. ஒரு மனிதர் ஒன்றைக் கேட்டதாகச் சொன்னாரா, இல்லையா என்பதே கேள்வி. சொல்லவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு கூறினும், பொய்ச் சாட்சியமே.

நிலவு பிளந்த அற்புதத்துக்கு நாசா ஆதாரம் தந்துவிட்டது என்று வலம் வரும் படமும் இத்தகையதே. 1969இல் அப்போலோ 10 எடுத்த அப்படத்தில் காண்பது அரியடேயஸ் என்னும் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள அது, இரு பிளவுகளுக்கு இடையே தரை அமிழ்ந்ததால் உண்டானது. நிலவின் சுற்றளவோ பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நாசா அப்படியொரு சான்றிதழ் தரவில்லை. ஈமான் கொண்டவருக்கு அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை. நாளை அது பொய்யென்று தெரியும்போது, அதன் மேல் நம்பிக்கையைச் சாய்த்து வைத்த இளைஞனின் உள்ளமன்றோ ஆடிப்போகும்!

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. ஆம்ஸ்ட்ராங் பாங்கொலி கேட்டார் என்று மகிழ்ந்து சொல்லும் அதே நாவு, வேறொரு நாளில், அமெரிக்கா நிலவுக்குப் போகவே இல்லை என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரண்டும் எப்படி உண்மையாகும்? மனத்துக்கு இனித்தால் நம்புவதும், கசந்தால் மறுப்பதும் விசாரணை ஆகாது.

பொய்க்கதை நம் மேடையை அடைத்துக்கொண்டதால் ஓர் உண்மைக்கதைக்கு இடமில்லாமற் போயிற்று. எகிப்தின் ஸகாஸீக் நகரில் 1938இல் பிறந்தவர் ஃபாரூக் எல்-பாஸ் என்னும் நிலவியல் அறிஞர். 1967 முதல் 1972 வரை அப்போலோ திட்டத்தில் பணியாற்றினார். நிலவில் எங்கே இறங்குவது என்று தேர்ந்தெடுத்த குழுவின் செயலாளர் அவரே. சுற்றுப்பாதையிலிருந்து நிலவை எவ்வாறு நோக்க வேண்டும் என்று வீரர்களுக்குப் பாடம் நடத்தியவரும் அவரே. எகிப்திய மன்னர் ஃபாரூக்கின் பெயரைக் கொண்டிருந்ததால் வீரர்கள் அவரை 'மன்னர்' என்று அன்போடு அழைத்தனர். அப்போலோ 15இல் நிலவைச் சுற்றிய ஆல்ஃபிரட் வார்டன், இவரிடம் பெற்ற பயிற்சியால், முன்பே வந்து பார்த்த இடம் போல் தோன்றுகிறது என்று அங்கிருந்தே வியந்து கூறினார். நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி இதுவன்றோ?

ஐயமும் விசாரணையும்

ஐயம் கொள்வது குற்றமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், உலகமே போற்றிய தாலமியின் வானியல் மீது ஐயங்களை எழுப்பித் தனி நூலே இயற்றினார். நிலவின் ஒரு பள்ளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் ஐயம் கொண்டது அறிவதற்காக. விடை கிடைத்தால் ஏற்றுக்கொள்வதற்காக. கொடியைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்ததும் நிழலுக்குத் தாவி, நிழலுக்கு விடை கிடைத்ததும் விண்மீனுக்குத் தாவி, எல்லாவற்றுக்கும் விடை வந்தபின் "நீர் அவர்கள் கையாள்" என்று முடிப்பது அவ்வகை ஐயமன்று. 2002இல் மறுப்பாளர் ஒருவர் எழுபத்திரண்டு வயது ஆல்ட்ரினை வழிமறித்து, கோழை என்றும் பொய்யர் என்றும் ஏசினார். பொறுமையிழந்த முதியவர் கன்னத்தில் ஒரு குத்து விட்டார். கேள்வி அவமதிப்பாக மாறிய இடம் அது.

செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று திருமறை நமக்குக் கற்பித்திருக்கிறது. அக்கட்டளை நமக்குப் பிடிக்காத செய்திக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவைத் தாழ்த்தும் செய்தியாயினும், நம் சமயத்தை உயர்த்துவதாகத் தோன்றும் செய்தியாயினும், கேள்வி ஒன்றே: சொன்னவர் யார்? எங்கிருந்து பார்த்தார்? உடன் பார்த்தவர் யார்?

அடுத்த முறை பிறை பார்க்கப் பிள்ளைகளோடு மொட்டை மாடிக்கு ஏறும்போது, அந்த மெல்லிய கீற்றை அவர்களுக்குக் காட்டுங்கள். "அங்கே மனிதன் நடந்தானா?" என்று அவர்கள் கேட்டால், "நடந்தான்" என்று தயங்காமல் சொல்லுங்கள். "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் மகிழுங்கள், அமர்ந்து விளக்கிச் சொல்லுங்கள். "அங்கே பாங்கொலி கேட்டதாமே?" என்று கேட்டால், "இல்லை, அது நாம் தவறாகச் சொல்லிவந்த கதை" என்று சொல்லவும் தயங்காதீர்கள்.